ஆடுகிற பல்லை ஆட்டாத பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன், இங்கே உடம்பு என்று பார்த்தால் மூன்று பேருக்கும் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்டாயானால் அதற்குத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் உன் மகள் வாண்டு என் முழங்கையை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், நான் வெறுமனே ம் என்றால்கூட எதற்கு ம் சொன்னீங்க தாத்தா என்று கேட்கிறாள், மாடிப்படியில் போய் நின்று பேசலாம் என்றால் பின்னாலேயே செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். அதனால் வேலையிடத்தில், மொட்டை மாடி மேலிருக்கும் லிஃப்ட் மோட்டார் ரூமில், கருவிப் பெட்டி மூடியின்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கீழே யாராவது லிஃப்ட்டைக் கூப்பிட்டால் மோட்டார் ஓடும், பெட்டி அதிரும், எழுத்து கோணிக்கொள்ளும். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டு வைக்காதே, அவள் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து பாதி டாக்டர் ஆகிவிட்டாள், உடனே எனக்கு ஒரு மாத்திரையை ஆரம்பித்துவிடுவாள்.

விஷயம் வாண்டுவின் பல். சிரிக்காதே, முழுசாகப் படி. கொஞ்ச நாளாகவே அவள் சாப்பிடுகிற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆப்பிளை முழுசாக வாங்கி நறுக்கென்று கடிக்கிறவள், மெல்லிசாக நறுக்கித் தா என்றாள். ரொட்டியின் ஓரத்தை உரித்து என் தட்டில் போட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாலில் ஊறவைத்துக் கடைவாயில் ஒதுக்கி மென்றாள். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் போட்டோவை உனக்கு அனுப்பினேனே, எல்லாப் பிள்ளைகளும் ஈ என்று இளித்துக்கொண்டு நிற்க இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு போலீஸ்காரி மாதிரி நின்றாளே, நீகூட எவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டா என்று பெருமைப்பட்டாய். எனக்கு அப்போதே உறுத்தியது. உன் அம்மா, வளர்ற பிள்ளைங்கன்னா நாலு நாள் அப்படித்தான் இருக்கும், நீங்க சும்மா ஒரு இடத்துல உக்காருங்க என்றாள். சும்மா உட்காருவதுதான் என் ஜாதகத்திலேயே இல்லையே. ஒரு லிஃப்ட்டில் டிக் என்று ஒரு சத்தம் புதிதாகக் கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது, உனக்கே தெரியும்.

மாப்பிள்ளை அந்த வாரம் லாரி லோடு இறக்கிவிட்டு ஒரு நாள் தங்கிப் போக வந்தார். பாவம், எந்த ஊரிலோ வண்டியை நிறுத்தி மகளுக்கென்று ஒரு பை நிறைய கெட்டி மிட்டாய் வாங்கி வந்திருந்தார். இவள் தேங்க்ஸ்பா என்று வாங்கி அலமாரியில் வைத்தாள். மறுநாள் அவர் கிளம்பிப் போனதும் அந்தப் பையை அப்படியே எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மிட்டாயை! இவள்! பள்ளிக்கூடத்தில் யாராவது எதாவது செய்கிறார்களோ என்று டீச்சரைப் போய்ப் பார்த்தேன், அவர் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார், பாட்டு வகுப்பில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றார். சரி, உன்னை நினைத்துத்தான் ஏங்கிப் போயிருக்கிறாள் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன், வந்து என்ன செய்தேன் தெரியுமா, அவளை மடியில் உட்காரவைத்து, நல்லா சாப்பிடு கண்ணு, அம்மா சீக்கிரம் வந்துடுவா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சீக்கிரம்னா பல்லு விழறதுக்கு முன்னாடியா தாத்தா என்று கேட்டாள். எந்தப் பல், அதற்கும் நீ வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா. பிள்ளை பேசிவிட்டதே என்கிற சந்தோஷத்தில் ஆமாம் ஆமாம், அதுக்கு முன்னாடியே என்று மாடு மாதிரித் தலையை ஆட்டினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்றையிலிருந்து சாப்பாடு இன்னும் குறைந்தது.

கடைசியில் எப்படித் தெரிந்தது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பட்டனையும் ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் வெகு கௌரவமாக நின்று பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, பொத்துவதற்குக் கை போய்ச் சேருவதற்குள் நான் பார்த்துவிட்டேன். கீழ்வரிசையில் பல்லுக்குப் பின்னால் இன்னொரு பல்! முன்னால் நடுவில் அரிசி மாதிரி அந்தப் பால்பல் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, அதற்கு உள்பக்கம், நாக்கை ஒட்டி, அதைவிட அகலமாக, நுனியில் ரம்பம் மாதிரிச் சின்னச் சின்னக் கரகரப்போடு புதுசு ஒன்று எட்டிப் பார்க்கிறது. நான் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது நெற்றியில் மாட்டுகிற லைட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன், அதற்குள் வாயை மூடிவிட்டாள். எத்தனை மாடிக் குழியானாலும் அடி வரை பார்த்துவிடுகிற எனக்கு, என் பேத்தியின் வாய்க்குள் பார்க்க வழியில்லை. கெஞ்சினேன், ஐஸ்கிரீம் என்றேன், அது ஜில்லுன்னு இருக்கும், வேணாம் என்றாள். உன் அம்மா வந்து ஒரு முறை முறைத்தாள், தானாகத் திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இது வரிசை தப்பி முளைச்சிருக்குங்க, நாம கை வைக்கிற வேலை இல்ல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்றாள்.

பல் டாக்டரம்மா சின்னப் பெண்தான், ஆனால் நிதானம். படம் ஒன்றைக் காட்டி எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார். பால்பல்லை யாரும் பிடுங்கித் தள்ளுவதில்லையாம், புதுப்பல் அடியிலிருந்து மேலே வரவர அது பால்பல்லின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம், பிடிமானம் போனதும் அது ஆடும், ஆடி ஆடித் தானாக விழும். சில பிள்ளைகளுக்குப் புதுசு நேராக வராமல் உள்பக்கமாக ஒதுங்கி வந்துவிடும், அப்போது பழசின் வேர் முழுசாகக் கரையாது, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, பழசு போய்விட்டால் நாக்கே தள்ளித் தள்ளிப் புதுசை முன்னால் கொண்டுவந்துவிடும் என்றார். பிறகு கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டார். பாதிக்கு மேல வேர் போயிடுச்சே, நல்லாத்தானே ஆடுது, நீ ஆட்டறதே இல்லையா என்றார். இவள் இல்லை என்று தலையசைத்தாள். எல்லாப் பிள்ளைகளிடமும் ஆட்டாதே ஆட்டாதே என்று சொல்லி என் வாய் வலிக்கும், ஆடுகிற பல்லை ஆட்டாத பிள்ளையை இப்போதான் பார்க்கிறேன் என்று என் பக்கம் திரும்பினார். நாக்கால் தினமும் ஆட்டச் சொல்லுங்க, கொஞ்ச நாள் பார்ப்போம், விழலைன்னா நான் எடுத்துடறேன், ரொம்ப நாள் விட்டா புதுசு அங்கேயே கோணலா நின்னுடும் என்றார். இன்னொன்றும் காட்டினார், கடைவாயில் இருபக்கமும் கடைசியாகப் புதுப்பல் ஏற்கெனவே முளைத்து நிற்கிறதாம், அது எந்தப் பால்பல்லையும் தள்ளாமல் காலியிடத்தில் தானாக வருகிற பல்லாம். நாம் எல்லோரும் முன்பல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம், பின்னால் அது வந்து உட்கார்ந்தது நமக்குத் தெரியவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் வரத் தாமதமானது. நிழற்குடையின் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, ஏன் கண்ணு ஆட்ட மாட்டேங்கற, வலிக்குதா என்று கேட்டேன். வலிக்கல என்றாள். காலை ஆட்டிக்கொண்டே, வெகு சாதாரணமாக, இது விழறதுக்குள்ள வந்துடுவேன்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்கல்ல, விழுந்துட்டா அவங்க எப்படி வருவாங்க என்றாள். நீ கிளம்பின அன்று வாசலில் கார் நின்றுகொண்டிருக்க, அவள் உன் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாளே, அப்போது நீ குனிந்து, கீழ்ப்பல்லை விரலால் அழுத்திக் காட்டி, பாரு எவ்ளோ கெட்டியா இருக்கு, இந்தப் பல்லு விழறதுக்குள்ள அம்மா வந்து நிப்பேன் என்று சொன்னாயாம். நான் அப்போது உன் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன், எனக்குக் காதில் விழவில்லை. விரலை வைத்த இடத்தையும் எனக்குத் தொட்டுக் காட்டினாள், நடுவில், இடது பக்கம், இதேதான் தாத்தா என்று. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த எல்லோரும் எதையாவது சொல்வதுதான், நீ கட்டப் போன பாலமும் அப்போது ஒரு வருஷத்தில் முடிந்துவிடும் என்றுதான் உன் கம்பெனியும் சொன்னது, உன்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நீ சொன்ன சொல்லை நீ மறந்துவிட்டாய், அவள் அதை வாயில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, போனது, நான் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம்தான் நீ போன் செய்து, வாண்டு குளித்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, பாலத்தின் நடுத்தூணில் மறுபடி ஏதோ சிக்கல், இன்னும் ஒரு வருஷம் இழுக்கும் போலிருக்கிறது, நீங்களே அவகிட்ட பக்குவமா சொல்லிடுங்கப்பா என்று சொல்லிவிட்டு வைத்தாய். பக்குவமா! அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் இருந்தால் வேலைக்குப் போகலாமா என்று இருக்கிறது, வேலைக்கு வந்தால் வீட்டுக்கு ஓடலாமா என்று இருக்கிறது. லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஸ்பேனரை வைத்துவிட்டு மறந்து இறங்கிவிட்டேன், அது மாடிக்கு மாடி டம் டம் என்று பாட்டுப் பாட, குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. உன் அம்மா உள்ளதைச் சொல்லிவிடலாம், பிள்ளைங்க தாங்கும், நீங்கதான் தாங்க மாட்டீங்க என்கிறாள். மாப்பிள்ளையிடம் போனில் சொன்னால் அவர் நூலைக் கட்டிக் கதவைச் சாத்துங்க மாமா, ஒரு செகண்டு வேலை என்கிறார், அவருக்கு எல்லாமே சாவியைத் திருகினால் கிளம்பிவிட வேண்டும். இவள் என்னடா என்றால் ஆட்டு கண்ணு, ஆட்டு கண்ணு என்று நான் சொல்லச் சொல்ல, நாக்கைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள். புதுப்பல் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கிறது. பழசை விட்டால் உன்னை விட்டதாக அவள் நினைக்கிறாள், விடாவிட்டால் பிள்ளைக்கு வாய் கோணும். நான் எந்தப் பக்கம் நின்று பேசுவது, சொல்.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்து மறுபடி போனோம். உள்ளே கூப்பிடுகிற வரைக்கும் இவள் என் சுண்டுவிரலை விடவில்லை. மேஜையின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாடை வைத்திருந்தார்கள், பக்கவாட்டில் வெட்டி உள்ளே தெரிகிற மாதிரி, ஒவ்வொரு பால்பல்லின் அடியிலும் ஒரு பெரிய பல் படுத்துக்கொண்டு காத்திருந்தது. வாண்டு அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதெல்லாமே விழுமா என்று கேட்டாள். எல்லாமே விழும், எல்லாத்துக்கும் பதில் ஆள் ரெடியா இருக்கு பாரு என்றார் டாக்டரம்மா. கடைசியா எது விழும் என்றாள். அவர் மேலே கூராக நிற்கிற கோரைப்பல்லையும் கடைவாய்ப் பால்பல்லையும் தொட்டுக்காட்டி, இதெல்லாம் போறதுக்குப் பதினொண்ணு பன்னிரண்டு வயசாயிடும், அதுவரைக்கும் உன்கூடத்தான் இருக்கும் என்றார். இவள் தன் வாய்க்குள் விரலை விட்டு அந்தக் கோரைப்பல்லைத் தேடிப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். அது கெட்டியாக இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தானாகப் போய் அந்த நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு, சரி, இத எடுத்துக்கோங்க என்றாள், பஸ்ஸில் பெரியவர்களுக்கு இடம் விடுகிற மாதிரி. அழவில்லை. ஒரு நிமிஷ வேலைதான். நான்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போய் நின்றேன். வேர் என்று ஒன்றுமே இல்லை அதற்கு, ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது அவ்வளவுதான், இவள் ஆசையால்தான் நின்றிருக்கிறது. நான் ஃபியூஸ் போட்டு வைக்கிற சின்ன டப்பாவில் பஞ்சு வைத்து அதில் போட்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது அதே பெஞ்சு. வாயில் பஞ்சோடு குழறிக்கொண்டே அவளாகவே பேச்செடுத்தாள். தாத்தா, அம்மா எந்தப் பல்லுன்னு சொல்லவே இல்ல, நான்தான் முன்பல்லுன்னு நெனச்சுக்கிட்டேன், அவங்க சொன்னது கோரைப்பல்லு என்றாள். முந்தைய தடவை நடுவில், இடது பக்கம், இதேதான் என்று விரலை வைத்துக் காட்டினவள் இவள்தான். அதை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாளா, மறந்துவிடுங்கள் என்று கேட்டாளா தெரியவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக என் பேத்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பொய் சொன்னாள், மகளே. இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. பல் கோணினால் கம்பி கட்டி நேராக்கிவிடலாம். தன் அம்மாவின் சொல் தவறிவிடக் கூடாது என்று ஏழு வயதில் அவளே கெடுவைத் தள்ளித் தள்ளி வைக்கிறாளே, இதை எதைக் கட்டி நேராக்குவது.

அதனால் நான் சொல்வதைக் கேள், கோபித்துக்கொள்ளாதே. ஒரு வருஷம் என்கிற அந்தச் சேதியை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ சொல்ல வேண்டியது அது, உன் வாயால் சொல்ல வேண்டியது. பாலம் முடியவில்லை, அம்மாவால் சொன்ன மாதிரி வர முடியவில்லை, அது என் தப்பு, உன் பல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நேராகச் சொல். அழுவாள், அழட்டும், நாங்கள் இருக்கிறோம். வேலையை விட்டுவிட்டு வா என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், என் மகள் ஆற்றுக்குமேல் பாலம் கட்டுகிறாள் என்று லிஃப்ட்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லி, அவர்கள் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போகவைக்கிறவன் நான். நடுவில் நாலு நாள் லீவு கிடைத்தால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. கிடைக்காவிட்டால் கிடைக்காது என்று சொல். ஆனால் எப்போது வருவாய் என்று அவள் கேட்டால், உனக்கே தெரியாத தேதியைச் சொல்லாதே, பல்லையோ வேறு எதையோ காட்டிச் சொல்லாதே. அவள் கடைசிவரை பிடித்துக்கொள்வாள்.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல. புதுப்பல் நிஜமாகவே முன்னால் நகர ஆரம்பித்திருக்கிறது, தினமும் என் நெற்றி லைட்டில் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள், இப்போது வாயைத் திறக்கத் தயக்கமில்லை. உன் அம்மா உன் முதுகுவலிக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொன்னாள், வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடக் கூடாதாம். பாலத்தின்மேல் நிற்கும்போது இடுப்புப் பெல்ட்டின் கொக்கியை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார், உயரத்தில் வேலை செய்கிறவன் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் காற்றும் உன்னை அசைக்காமல், தொட்ட காரியம் துலங்கி, தலைநிமிர்ந்து வீடு வந்து சேர எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் எப்போதும் உண்டு, மாப்பிள்ளையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

கடிதம் கையில் கிடைத்த அன்றே போன் செய். மறந்துவிடாதே, தள்ளிப் போடாதே. எடுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல் நேற்றிலிருந்து ஆடுகிறது. கோரைப்பல்தான் கணக்கு என்று என்னிடம் அடித்துச் சொன்னவள், இன்று காலை ஆப்பிளை மெல்லிசாக நறுக்கித் தரச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா